போக வேண்டாமா?

வலது பூ விழுந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று பொருள் இல்லை, தம்பி. தாராபுரம் தாலுகா முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. தாலுகாவோடு நின்றாலும் பரவாயில்லை, மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. இது எவ்வளவு பெரிய பிழை என்று யாரும் இதுவரை எடுத்துச் சொல்லாததால், இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

பேருந்தில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன், உங்கள் சட்டைப்பையில் அரளிப்பூ இருக்கிறது, அதனால் கேட்கிறேன். காட்டம்மன் கோயில்தானே? தண்ணீருக்குப் போர் போடவா? நினைத்தேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் போர் போடத்தான் பூக் கேட்கிறார்கள். பூசாரி மாரப்பன் நனைத்த அரளியை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டிவைப்பார். வலது விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம், இரண்டும் விழாவிட்டால் பொறுத்திரு. இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். விடையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கேள்வியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நீங்கள் மனசுக்குள் என்ன வாக்கியத்தில் கேட்டீர்கள்? 'தெக்கால மூலைல போடலாமா'வா? நல்லது. 'லாமா' என்று முடிந்தால் ஆபத்தில்லை. நிம்மதியாகப் போய்ப் போடுங்கள்.

நான் 'வேண்டாமா' என்று கேட்டுவிட்டேன்.

நான் இப்படித்தான் பேசுவேன், தப்பாக நினைக்காதீர்கள். வாத்தியாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஒரு பஞ்சாங்க அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தினேன். நல்ல நேரம், ராகு காலம், முகூர்த்த நாள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். இங்கே பேசுகிற பேச்சு என் வாயில் தங்காமல் போனது அதனால்தான். "உங்கப்பா அச்சுல பேசறாரு" என்று என் மனைவி துளசிமணி மகனிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்த காலம் அது.

மகன் பெயர் செழியன். ஆசைப்பட்டு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் 'செலியன்' என்றார்கள், வேலை பார்த்த இடத்தில் 'செளியன்' என்றார்கள். சின்ன வயதில் நாக்கை மடித்துப் பிடித்து ழகரம் சொல்லிக் கொடுத்தேன். அழுதான். ஆனால் கற்றுக்கொண்டான். இப்போது திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். அதுவும் அச்சுத்தான். பிழை திருத்த அங்கே யார் இருக்கிறார்களோ தெரியவில்லை.

அவனுக்கு ஒரு பெண் பார்த்தோம். தமயந்தி. சாதகம் சரி, குணம் சரி, குடும்பம் சரி. அவளுடைய அப்பா பேருந்து நடத்துநர். தை மாதத்தில் நாள் குறித்தாயிற்று. நானே குறித்தேன். அப்பழுக்கில்லாத முகூர்த்தம், தம்பி. அப்படி ஒரு நாள் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும்.

ஆனியில் அந்த மனிதருக்கு நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆடி பிறந்ததும் இவன் வந்து என் முன்னால் நிற்கிறான்.

"அப்பா, மாமா தை வரைக்கும் இருக்க மாட்டாருங்க. இந்த மாசமே வெச்சுக்கலாமுங்க."

ஆடியில் கல்யாணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். அதற்குத் தெளிவான ஆதாரம் எதிலும் கிடையாது. அதையும் அவனிடம் நேர்மையாகச் சொன்னேன். ஆனால் அந்த வருஷப் பஞ்சாங்கத்தில், ஆடி மாதப் பக்கத்தில், 'சுபமுகூர்த்தம் இல்லை' என்று அச்சாகியிருந்தது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். ஊருக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு என் வீட்டில் மட்டும் உண்டு என்று எப்படிச் சொல்வது?

"உயிர் இறைவன் கையில் இருக்கிறது. காலம் அவன் கொடுப்பது. அவசரப்படாதே" என்றேன்.

"அப்ப ஆடியும் அவன் குடுத்ததுதானுங்களே" என்றான்.

வாக்கியம் நன்றாக இருந்தது. பொருள்தான் சரியில்லை.

மருத்துவமனை வாசலில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே நடந்தது. மாமனாரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் குழாயோடு கொண்டுவந்தார்களாம். அவர் அட்சதை போட்டாராம். துளசிமணி அன்று காலையில் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். போகலாம் என்றும் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் எழுந்து புடவையை மடித்து வைத்தாள். அவளாகவே போகவில்லை. நான் தடுக்கவே இல்லை.

அந்த மாதத்துக்குள் அவர் போய்விட்டார். எழவுக்குப் போகலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் கல்யாணத்துக்குப் போகாதவன் எழவுக்குப் போனால் எதற்காக வந்தான் என்று நாலு பேர் பேச மாட்டார்களா? அதனால் போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வரும் என்று இருந்தேன். கடவுள் நேரம் கொடுக்காமல் யாரும் யார் வாசலையும் மிதிக்க முடியாது. இது என் நம்பிக்கை. இன்றைக்கும் மாறவில்லை.

துளசிமணி முதல் வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நேரம் வருமுங்களா?" வரும். "எப்பங்க?" அது நம் கையில் இல்லை. இரண்டாம் வருஷம் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு அவனுக்குப் பிடிக்கும் என்று ஓட்டுப்பக்கோடா சுடுவாள். சுட்டு முழுவதையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள். எனக்கு ஒன்றும் வைக்க மாட்டாள். பல் இல்லாதவனுக்கு எதற்கு என்று விட்டிருப்பாள்.

பேத்தி பிறந்தாள். மகிழினி என்று பெயர் வைத்ததாகத் தகவல் வந்தது. நல்ல பெயர். நடுவில் ஒரு ழகரம் இருக்கிறது. அவனுக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று எனக்கு ஆச்சரியம். மருமகளாக இருக்கும்.

வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, தம்பி. சத்தமே இருக்காது. அச்சகத்தையும் மூடிவிட்டார்கள். இப்போது நல்ல நேரத்தை எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். ராகு காலத்தை 'ராகுக் காலம்' என்று போட்டிருக்கிறான், கேட்பதற்கு ஆளில்லை. எனக்குக் கண்ணில் புரை. அவளுக்கு ரத்த அழுத்தம். இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்போம். காலம் கனியட்டும் என்று நான் சொல்வேன். அவள் 'ம்' கொட்டுவாள். சில நாள் அதுவும் இல்லை.

குழந்தைக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தான். ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான், அப்பாவும் அம்மாவும் வர வேண்டும் என்று. அப்போதுதான் துளசிமணி சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். காட்டம்மன்கிட்டயே பூக் கேட்டுப் போடலாமுங்க. அவ குடுத்தா போலாம்."

எனக்கு அது சரியாகப் பட்டது. கடவுளின் நேரத்தைக் கடவுளிடமே கேட்பதுதானே முறை. போனோம். மாரப்பன் பூவை ஒட்டிவிட்டு, "நெனச்சுக்குங்க" என்றார். நான் கண்ணை மூடி, தெளிவாக, ஒரு சொல்கூடக் குறையாமல் மனசுக்குள் கேட்டேன்: 'அம்மா, அவன் வீட்டுக்கு நாங்கள் போக வேண்டாமா?'

மாரப்பன் தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. வலது பூ பொத்தென்று விழுந்தது. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் காத்துக் கிடக்கிறவர்கள் உண்டு அங்கே. எங்களுக்கு மூச்சு விடுவதற்குள் விழுந்தது. துளசிமணி சேலைத் தலைப்பில் பூவை வாங்கிக்கொண்டு அழுதாள். "நேரா பஸ் ஸ்டாண்டுக்கே போயரலாமுங்க. காதுகுத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்தரலாம்."

"பொறு. நான் என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியுமா?"

"என்ன கேட்டீங்க?"

"போக வேண்டாமா என்று கேட்டேன். அம்மன் ஆமாம் என்கிறாள். அப்படியானால் என்ன பொருள்? போக வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, 'சோறு திங்க வேண்டாமா, எந்திரிங்க'ன்னு தெனமும் உங்களக் கூப்படறன். திங்காதீங்கன்னா அர்த்தம்?"

புத்திசாலி. எட்டாவதுதான் படித்திருக்கிறாள். நான் அவளுக்கு அங்கேயே, மண்டபத்தில் உட்கார வைத்து விளக்கினேன். வினா ஆறு வகை. நீ சொல்வது ஏவல் வினா. சாப்பிடு என்று ஏவுவதைக் கேள்வி மாதிரிக் கேட்கிறாய். நான் கேட்டதும் ஏவல் வினா என்றால், நான் அம்மனை ஏவினேன் என்று ஆகிவிடும். அது அபசாரம். ஆகவே நான் கேட்டது அறியா வினா. அறியா வினாவுக்கு ஆமாம் என்றால் ஆமாம்தான்.

மாரப்பன் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பஞ்சாங்கக்காரரே, அம்மனுக்கு இலக்கணமெல்லாம் தெரியாதுங்க. வேற மாதிரி ஒருக்கா கேட்டுப் போடுங்க, பூ வைக்கறன்" என்றார்.

கொடுத்த விடையைப் பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்பது தெய்வத்தைச் சோதிப்பது. ஒரு கேள்விக்கு ஒரு வருஷத்தில் ஒரு பூத்தான் என்று அந்தக் கோயிலில் வழக்கம் இருக்கிறது. "அது போர் போடறதுக்குத்தானுங்க" என்றார் மாரப்பன். வழக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

காதுகுத்து முடிந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தினார்களாம்.

அடுத்த வருஷம் ஆனியில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை பழுதில்லாத வாக்கியம்: 'நாங்கள் போகலாமா?' எந்தப் பக்கம் இழுத்தாலும் பொருள் மாறாது. பூ விழவில்லை. மத்தியானம் ஆயிற்று. மாரப்பன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் ஆயிற்று. இரண்டு பூவும் அம்மனின் தோளிலேயே வாடி ஒட்டிக்கொண்டன. பொறுத்திரு என்கிறாள் என்றேன்.

"அன்னிக்கே குடுத்துட்டாளுங்க" என்றாள் துளசிமணி. "குடுத்ததையே திருப்பித் திருப்பிக் கேட்டா ஆருங்க குடுப்பா?"

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. என்னைப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சே நின்றுவிட்டது. 'சோறு திங்க வேண்டாமா' என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். தட்டை வைத்துவிட்டு ஒரு முறை தட்டுவாள்.

உண்மையைச் சொல்கிறேன், தம்பி. உங்களை இனி நான் பார்க்கப் போவதில்லை, அதனால் சொல்லலாம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மன் மேல் இல்லை. அந்தக் கேள்விக்குறியின் மேல். ஒருவேளை அவள் அன்றைக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டிருந்தால்? நான்தான் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால்? படுத்தால் தூக்கம் வராது. வினா ஆறு வகையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் என் விளக்கம்தான் சரியாக வரும். சரியாக வந்தும் தூக்கம் வராது.

இந்த வருஷம் ஆனி அமாவாசைக்குத் தனியாகப் போனேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். மாரப்பன் பூ வைத்தார். கண்ணை மூடினேன். ஒரு வாக்கியமும் வரவில்லை. வந்தால் அதில் ஏதாவது பிழை இருக்கும் என்று பயமாக இருந்தது. சும்மா நின்றேன். நாலு வரி அச்சில் பார்த்தால் ஒரு பிழையாவது கண்டுபிடிக்கிற மனிதன், கேட்பதற்கு ஒரு வரி இல்லாமல் நின்றேன். ரொம்பக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"நெனச்சுட்டீங்களா?" என்றார் மாரப்பன். நான் பதில் சொல்வதற்குள் வலது பூ விழுந்தது.

கேள்வியே இல்லாத விடை. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது, சொல்லுங்கள். எந்த வகையில் சேர்ப்பது? வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தேன்.

"என்ன குடுத்தா?"

"வலது."

"என்ன கேட்டீங்க?"

"ஒன்றும் கேட்கவில்லை."

துளசிமணி பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு வந்தாள். "அப்ப நான் கெளம்பறனுங்க. நீங்க பொறுமையா யோசிச்சு வாங்க. மாவு அரச்சு வெச்சிருக்கறன், நாளைக்கு வரைக்கும் வரும்." கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவள் மாதிரி சொன்னாள்.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. மாவு தீர்ந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் போன் பேசுவாள். அந்தக் குழந்தைக்கு ழகரம் சுத்தமாக வருகிறதாம். அவளுடைய அப்பன் தினமும் ராத்திரி நாக்கைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறானாம். பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே வரவில்லை. சிக்னல் கோளாறு.

நான் இப்போது அங்கே போகவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் காலையில் பேசினாள், ரத்த அழுத்த மாத்திரையை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். மூன்று வாரம் கழித்து ஞாபகம் வந்திருக்கிறது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு பொருளை மறந்து நான் பார்த்ததில்லை; வயதாகிறது, பாவம். திருப்பூரில் கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்குமாம், ஆனால் நம்ம ஊர்க் கடையில் வாங்கியதுதான் அவளுக்குக் கேட்கிறதாம். அது உண்மைதான், சிலருக்கு அப்படி உண்டு.

அதனால் மாத்திரை கொண்டுபோகிறேன். கொடுவாய் தாண்டி மில் பிரிவு என்று ஒரு நிறுத்தம். அங்கே அவளும் குழந்தையும் வந்து நிற்பார்கள். நான் இறங்கி, கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிற பேருந்தில் ஏறிவிடுவேன். அவன் வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. மாத்திரை கொடுப்பது போவது ஆகாது. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு மேல் ராகு காலம், இதில் யாராவது ஒரு காரியத்துக்குக் கிளம்புவார்களா? இது காரியம் இல்லை. இந்த வருஷப் பஞ்சாங்கத்தை நான் திருத்தவும் இல்லை.

அவர்கள் நிற்பது பேருந்திலிருந்தே தெரியும் என்றாள். குழந்தை மஞ்சள் பாவாடை போட்டிருக்குமாம். அந்த வயதுக் குழந்தை எவ்வளவு உயரம் இருக்கும், தம்பி? என் இடுப்பு வரைக்கும் இருக்குமா? நான் எதற்கோ கேட்டேன். விடுங்கள்.

என்ன? மில் பிரிவா? தாண்டிவிட்டதா? எப்போது? ஏன் தம்பி, நீங்களாவது... ஆமாம், நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஐயா, நடத்துநரே, மில் பிரிவில் நான் இறங்க வேண்டும்.

கேட்டீர்களா அவர் சொல்வதை? "பெரியவரே, மூணு வாட்டி கத்துனன். நீங்க இந்தத் தம்பிக்குப் பாடம் நடத்திட்டு இருந்தீங்க. இனி நேரா ஸ்டாண்டுதான்." மூன்று முறை கத்தினாராம். எனக்கு ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பொறுங்கள், அவளுக்குச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்பாள். இதில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் அவளுக்குப் போய்விடும். போகிறது.

துளசிமணி, நான்தான். அந்த நிறுத்தம்...

யாரு?

ம்.

ம். தாண்டிவிட்டது. ... இல்லை, உட்கார்ந்துதான் வருகிறேன். ... ஸ்டாண்டில்தான் நிற்குமாம். ... சாப்பிட்டேன். ... காலையில். ... சரி. ... தெரியும். ... சரிப்பா.

அவன்தான் எடுத்தான். அவள் போனைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். பேருந்து நிலையத்தில் இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். வேறெங்கும் நகரக் கூடாதாம். கடையைப் பூட்டிவிட்டு வருகிறானாம்.